அத்தானும் படித்தார்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பூச்சி எழுதுகிறேன். இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். அம்மாவின் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே குளிர் அதிகம் என்றாயே, போர்வை போதுகிறதா?

போனில் பேசினால் காசு ஏறுகிறது, கடிதமே எழுதிக்கொள்ளுங்கள் என்று அத்தான் சொன்னாராம். எனக்கும் அதுதான் வசதி. போனில் எனக்கு மூச்சு வருமே தவிர பேச்சு வராது.

நீ கல்யாணமாகிப் போனதிலிருந்து கடைக்குப் போகிற வேலை என் தலையில் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று வாயைத் திறக்காமல் இருந்ததால்தானே என்னை ஒன்பதாவதோடு நிறுத்தினார்கள். அப்படிப்பட்டவளைக் கடைக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?

முதல் நாள் காய்கறிக்காரர் தக்காளிக்கு ஒரு விலை சொன்னார். அதிகம் என்று தெரிந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை, வைத்துவிட்டுப் போகக் காலும் வரவில்லை. அப்படியே நின்றேன். அவர் கொஞ்சம் குறைத்தார். அதற்கும் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். இன்னும் குறைத்தார். கடைசியில் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார்: "பேரம் பேசுறவங்களையாவது பேசியே சமாளிச்சிடலாம்பா. இந்தப் பொண்ணு சும்மா நின்னே என்னைத் திவாலாக்கிடும் போல." எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் தக்காளி மலிவு.

இப்போது எல்லாக் கடையிலும் இப்படித்தான் வாங்குகிறேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயில்லாப் பூச்சியும் பிழைக்கும் போலிருக்கிறது.

சோப்பு வாங்கினால் உடனே எடுப்பதில்லை. உறையைப் பிரித்துப் பரணில் காயவைத்துவிடுகிறேன். காய்ந்த சோப்பு கரையாது, கூடுதல் நாள் வருகிறது. நீயும் செய்து பார்.

பதில் போடு. அத்தானுக்கு என் வணக்கம்.

உன்
பூச்சி

பிப்ரவரி 3

அன்புப் பூச்சிக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அத்தான் வேலையிலிருந்து வந்தவர் என்ன என்று கேட்டார். கொடுத்தேன். அவரும் படித்தார். காய்கறிக்காரர் பேச்சுக்கு அவரும் சிரித்தார். சோப்பு விஷயத்தை மட்டும் இரண்டாம் முறை படித்தார். "உன் தங்கை கெட்டிக்காரி" என்றார். அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை, உன்னைத்தான் முதலில். எனக்கே கொஞ்சம் பொறாமை.

எங்கள் வீடு இரண்டு அறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான், கையை நீட்டினால் தொடலாம். அத்தான் கிடங்கில் சரக்குப் பொறுப்பாளர் இல்லையா, வீட்டிலும் அப்படித்தான். எந்த டப்பாவில் எது, எவ்வளவு இருக்கிறது என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். எண்ணெய் மட்டும் எப்படியோ என் கையில் நிற்கவே மாட்டேன் என்கிறது. உனக்கு மாதம் எவ்வளவு ஆகிறது?

அம்மாவைக் காலைத் தொங்கப்போட்டு உட்கார வேண்டாம் என்று சொல். அப்பா பகலில் சரியாகத் தூங்குகிறாரா?

அன்புடன்
அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அப்பா பகலில் தூங்குகிறார், குறட்டையில் ஜன்னல் ஆடுகிறது.

அத்தான் என்னைக் கெட்டிக்காரி என்று சொன்னதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சிரிக்காதே. இதுவரை எனக்குக் கிடைத்த பெயர்கள் உனக்கே தெரியும். ஊமை, மக்கு, மண்ணாந்தை. அதனால் அவரையும் சேர்த்து நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எண்ணெய் பாக்கெட்டைக் கத்தரித்து ஊற்றியதும் தூக்கிப் போடாதே. ஒரு கிண்ணத்தின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து வை. மறுநாள் தாளிக்கும் அளவுக்கு இறங்கியிருக்கும். பற்பசைக் குழாயை வெட்டித் திற, ஒரு வாரத்துக்கு இருக்கும். பருப்பைக் காலையிலேயே ஊறப்போட்டால் பாதி நேரத்தில் வேகும். சந்தைக்கு மூடுகிற நேரத்தில் போ. அடிபட்ட காய் என்று ஒதுக்குவதில் முக்கால்வாசி நல்லதுதான். ரொட்டிக்கடையில் உடைந்த பிஸ்கட்டைத் தனியாகக் கட்டி வைத்திருப்பார்கள், கேட்டால் பாதி விலை. நான் கேட்பதில்லை, அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

இப்படிச் செய்து, மூன்று பேர் இருக்கிற நம் வீட்டுக்கு மாதம் எட்டு கிலோ அரிசியும் ஒரு லிட்டர் எண்ணெயும் போதுமானதாக இருக்கிறது. போன மாதம் அரிசியில் ஒரு கிலோ மிச்சமே பிடித்துவிட்டேன். அம்மா தையல் கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

அத்தான் இதைப் படித்து என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுது.

உன்
பூச்சி

மார்ச் 9

அன்புள்ள மைத்துனிக்கு,

ஆசிகள். இங்கு இருவரும் நலம். அங்கு அனைவரின் நலமும் அறிய ஆவல்.

உன் கடிதங்களை நான் தொடர்ந்து படித்து வருகிறேன். உன் வயதில் இவ்வளவு பொறுப்பு இருப்பது அபூர்வம். படிப்பு பாதியில் நின்றதைப் பற்றி வருத்தப்படாதே. படித்தவர்கள் பலருக்கு ஒரு டப்பாவை முழுதாகக் காலி செய்யத் தெரியாது.

மூன்று பேருக்கு எட்டு கிலோ என்று எழுதியிருந்தாய். வகுத்துப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் ஐந்தரை கிலோவுக்குள் முடிய வேண்டும். எண்ணெயில் முக்கால் லிட்டர்கூடத் தேவையில்லை. உன் அக்கா இதுவரை ஏறக்குறைய இதைப்போல் இரண்டு மடங்கு செலவழித்து வந்திருக்கிறாள். அவள் மேல் தவறில்லை, சொல்லிக் கொடுக்க ஆளில்லை. இந்த மாதத்திலிருந்து உன் அளவுதான் எங்கள் அளவு. அவள் பார்த்துக்கொள்ள வசதியாக உன் கடிதத்தைச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. நான் எந்தப் பொருளையும் வாங்க மறுப்பவன் அல்ல, வீணாவதைத்தான் பொறுக்கமாட்டேன். டீத்தூள் பற்றி உனக்கு ஏதும் வழி தெரிந்தால் எழுதவும். உறைக்கடிதத்தைவிட அஞ்சலட்டை மலிவு என்பதையும் நினைவில் கொள்.

இப்படிக்கு
அத்தான்

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கும் மதிப்பிற்குரிய அத்தானுக்கும்,

வணக்கம். நாங்கள் நலம். அத்தானே கைப்பட எழுதிய கடிதம் வந்தது. அப்பா அதை உறையோடு வேலைக்கு எடுத்துப் போய், ஆலை வாசலில் காவலுக்கு நின்றபடி இன்னொரு காவலாளிக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். என் கடிதம் ஒரு கதவில் ஒட்டியிருக்கிறது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. என் எழுத்து கோணல்மாணலாக இருக்குமே என்றுதான் கவலை.

டீத்தூளுக்கு வழி இருக்கிறது. ஒருமுறை கொதிக்கவைத்ததை வடிகட்டி, தாளில் பரப்பிக் காயவைத்தால், அடுத்த முறை பாதி புதிது பாதி பழையது என்று கலந்து போடலாம். நிறம் வந்துவிடும். ருசி கொஞ்சம் குறையும், பழகினால் தெரியாது.

பக்கத்து வீட்டு டிரைவர் மாமாவுக்கு இப்போது உங்கள் ஊர்ப் பக்கம் மாதம் ஒரு நடை கிடைத்திருக்கிறது. வண்டியை நிறுத்தினாலும் வாயை நிறுத்தத் தெரியாதவர். அடுத்த மாதம் அவர் கையில் ஒரு பை உடைந்த பிஸ்கட் கொடுத்தனுப்புகிறேன்.

அக்கா, நீ ஏன் எழுதவில்லை? இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து ஒன்றாவது போடு.

உங்கள்
பூச்சி

ஏப்ரல் 6

பூச்சிக்கு,

நலம். இனி அட்டைதான். இடம் கொஞ்சம்.

டீத்தூள் யோசனையும் வந்து சேர்ந்தது. அத்தான் கதவில் இரண்டாவதாக ஒட்டிவிட்டார். கடைக் கதை போதும், வேறு கதை எழுது. எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டதா? தெருக்குழாயில் இப்போது சண்டை போடுகிறவர்கள் யார்? அம்மா என்ன புடவை கட்டுகிறாள்? அரிசி, எண்ணெய் பற்றி எழுதாதே. உன் எழுத்து கோணலாக இல்லை. தினமும் பார்க்கிறேன்.

அக்கா

மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வராது. டிரைவர் மாமாவோடு இந்தத் தடவை அத்தையும் வருகிறார். அவர் உன் கையில் தருவார். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு. கதவில் ஒட்டிவிடக் கூடாது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் அட்டை வந்தபோது எனக்குக் கோபம் வந்தது. என்னை ஒருவர் பாராட்டுவது உனக்கே பொறுக்கவில்லை என்று நினைத்தேன். பூனையைப் பற்றிக் கேட்டிருந்தாய். பதிலே எழுதக் கூடாது என்று இருந்தேன்.

போன மாதம் டிரைவர் மாமா உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த அன்று, வழக்கம்போல் வாசலிலிருந்தே கதை சொல்லிக்கொண்டு வருவார் என்று காத்திருந்தேன். அவர் பேசாமல் வந்து உட்கார்ந்தார். அம்மா, "என்ன, வண்டி பிரேக் போனாக்கூட இவ்வளவு அமைதியா இருக்க மாட்டீங்களே" என்று கிண்டல் செய்தாள். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அப்புறம்தான் சொன்னார்.

"பிஸ்கட்டுப் பையைக் கொடுத்தேன். உள்ள வாங்கன்னு சொல்லல. வாசல்லயே பிரிச்சு, நின்ன நிலையில சாப்பிட ஆரம்பிச்சிடுச்சு. எதிர்ல ஒருத்தன் நிக்கறேங்கிறதே மறந்துபோச்சு. பாதிப் பை காலியானப்புறம்தான் எப்படி இருக்கீங்க மாமான்னு கேட்டுது. ஜாக்கெட்டுல ரெண்டு பக்கமும் ஊக்கு குத்தியிருக்கு. நான் வேற எங்கயோ பார்த்துக்கிட்டு நின்னேன்."

உனக்குப் பிஸ்கட் பிடிக்கும், அதனால்தான் என்று அம்மா சொன்னாள். யாருக்குச் சொன்னாளோ தெரியவில்லை. உள்ளே போய் அழுதாள். அப்புறம் அப்பாவோடு பேச்சு நடந்தது. சிக்கனமாக இருப்பது ஒரு குற்றமா என்று அப்பா கேட்டார். "குடி இல்ல, அடி இல்ல. என்னன்னு சொல்லிப் போய்க் கேக்கறது?" என்றாள் அம்மா. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஒரு வேளைக்கு நான் எடுக்கிற அரிசியைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. அக்கா, அம்மா மத்தியானம் தையல் கூடத்தில் சாப்பிடுகிறாள். அப்பாவுக்கு ராத்திரிச் சாப்பாடு ஆலையில் போடுகிறார்கள். நம் வீட்டில் மூன்று பேருக்கும் சேர்த்துச் சோறு வடிக்கிற வேளையே கிடையாது. இது உனக்குத் தெரியும், நீ இருந்தபோதும் அப்படித்தானே. அதனால் எழுதவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அத்தானையும் நினைத்துக்கொண்டு எழுதினேன் என்று சொன்னேனே, நினைத்தது அவர் பாராட்டைத்தான். அவருக்கு என்ன தெரியாது என்று நினைக்கவே இல்லை.

நீ அவரிடம் சொல்லியிருப்பாய். அவர் நம்பியிருக்க மாட்டார். நானே எல்லாவற்றையும் விவரமாக எழுதி நேற்று அவருக்குத் தபாலில் போட்டுவிட்டேன். நான் சொன்னால் நம்புவார், என் கடிதத்தைத்தானே ஒட்டி வைத்திருக்கிறார்.

பூனை மூன்று குட்டி போட்டது. ஒன்று வெள்ளை. அம்மா நீ வாங்கிக் கொடுத்த நீலப் புடவையைத்தான் கட்டுகிறாள்.

உன்
பூச்சி

மே 24

அன்புள்ள மைத்துனிக்கு,

ஆசிகள். நாங்கள் நலம். உன் தாயாரின் கால் எப்படி இருக்கிறது?

உன் விளக்கக் கடிதம் கிடைத்தது. உன் பெற்றோர் வேலையிடத்தில் சாப்பிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். உன் அக்காவும் மார்ச் மாதத்திலிருந்து இதையேதான் சொல்லி வருகிறாள், ஏறக்குறைய இதே வார்த்தைகளில். முதல் கடிதங்களில் இல்லாத விஷயம் இப்போது திடீரென்று எப்படி வந்தது? யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஊகிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அக்காவின் மேல் உள்ள பாசத்தில் எழுதிவிட்டாய்.

ஆனால் சாக்குச் சொல்லப் பழகியவர்களுக்கு அடுத்துக் கை நீளும். அதனால் அலமாரிக்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கிறேன். காலையில் அன்றைக்கு வேண்டியதை நானே அளந்து வெளியே வைத்துவிட்டுப் போகிறேன். அவளுக்கும் இதில் சுலபம்தான், கணக்குப் பார்க்கும் தொல்லை இல்லை. பிஸ்கட் முதலியவை அனுப்ப வேண்டாம். இடையில் தின்பது பசியைக் கெடுக்கும்.

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கிடங்கில் சரக்குக் கணக்கெடுப்பு. எனக்கு மூன்று வேளையும் அங்கேயே சாப்பாடு கொடுத்துவிடுவார்கள். இரவில் பெரும்பாலும் அங்கேயே தங்கல். அந்த இரண்டு மாதச் செலவை எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்று இப்போதிருந்தே யோசித்து வருகிறேன். உனக்கு ஏதும் தோன்றினால் எழுதவும்.

இப்படிக்கு
அத்தான்

ஜூன் 11

பூச்சிக்கு,

டிரைவர் அத்தை வாசலில் நிற்கிறார், அதனால் அவசரமாக எழுதுகிறேன். தாள் இல்லை, சோப்பு உறையின் பின்பக்கம்.

எல்லோரும் சுகமா? நீ எழுதியதில் ஒன்றும் பொய் இல்லை. உன் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. ஆனால் இனி எனக்காக அவருக்கு எதையும் எழுதாதே. நீ ஒன்று எழுதினால் இங்கே ஒன்று குறைகிறது.

அவர் கெட்டவர் இல்லை பூச்சி. முதலில் அவர் சாப்பிடுவார், மிச்சம் எனக்கு. மிச்சம் இருக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அம்மாவிடம் நன்றாக இருக்கிறேன் என்று சொல். போன வாரம் குழாயடியில் விழுந்துவிட்டேன். வழுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், வழுக்கவில்லை.

அக்கா

ஜூன் 15

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

வணக்கம். நாங்கள் நலம், உங்கள் நலமே எங்கள் வேண்டுதல். அம்மாவின் காலை விசாரித்ததற்கு நன்றி. பரவாயில்லை.

போன கடிதத்தில் நான் எழுதியது சரியில்லை என்று நீங்கள் எடுத்துச் சொன்னதைப் புரிந்துகொண்டேன். அதைப் பற்றி இனி எழுத மாட்டேன்.

கணக்கெடுப்பு மாதங்களுக்கு யோசனை கேட்டிருந்தீர்கள். நன்றாக யோசித்துப் பார்த்தேன். நீங்கள் வீட்டில் சாப்பிடாத இரண்டு மாதமும் அங்கே அடுப்பு எரிவது ஒரே ஒருவருக்காக. ஒரு ஆளுக்குச் சமைத்தாலும் இரண்டு ஆளுக்குச் சமைத்தாலும் கேஸ் ஒன்றுதான். விளக்கு, மின்விசிறி, தண்ணீர் எல்லாம் அப்படித்தான். எவ்வளவு குறைத்தாலும் அந்தச் செலவு இருந்துகொண்டே இருக்கும். ஆள் இல்லாத வீட்டுக்கு மட்டும்தான் செலவே கிடையாது.

அக்காவை அந்த இரண்டு மாதமும் இங்கே அனுப்பிவிட்டு வீட்டைப் பூட்டிவிட்டால், அரிசி, எண்ணெய், கேஸ், சோப்பு ஒன்றுமே வாங்க வேண்டியதில்லை. அவள் சாப்பாடு எங்கள் பொறுப்பு. பயணத்துக்கும் செலவில்லை. டிரைவர் மாமாவின் லாரி அங்கே வருகிறது, திரும்பும்போது அத்தையும் கூட இருக்கிறார், முன்பக்கம் இடம் சும்மாதான் வருகிறது.

இன்னொன்று. நான் கடிதத்தில் எழுதுவதை அவளால் சரியாகப் பிடித்துக்கொள்ள முடியவில்லை என்று நினைக்கிறேன். கூடவே இருந்து பார்த்தால் பழகிவிடுவாள். சந்தைக்கும் என்னோடு அழைத்துப் போகிறேன்.

உங்களுக்குச் சரி என்று பட்டால் ஒரு அட்டை போடுங்கள். உறை வேண்டாம்.

இப்படிக்கு
உங்கள் மைத்துனி

ஜூன் 26

மைத்துனிக்கு,

நலம். நல்ல யோசனை. இது எனக்கே தோன்றாமல் போனது வியப்பு. ஜூலை நடையில் அனுப்பி வைக்கிறேன். ஒரு பைக்கு மேல் சாமான் வராது. கூட இருந்து நன்றாகப் பழக்கவும்.

அத்தான்

செப்டம்பர் 10

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல்.

உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. கணக்கெடுப்பு முடிந்து வெளியில் சாப்பிடுவதாகவும், அது அதிகச் செலவாவதாகவும், இந்த மாத நடையிலேயே அக்காவை அனுப்பச் சொல்லியும் எழுதியிருந்தீர்கள். வெளிச்சாப்பாட்டைக் குறைக்க வழி கேட்டிருந்தீர்கள். எனக்கு அதற்கு வழி தெரியவில்லை. இனிமேல் நான் எந்த வழியும் எழுதப்போவதில்லை. என் பழைய கடிதங்கள் அலமாரிக் கதவில் இருந்தால் கிழித்துவிடுங்கள்.

அக்கா இங்கே வந்த நாளைப் பற்றி உங்களுக்கு யாரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். லாரிப் படியிலிருந்து அவளை அத்தை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து இறக்கினோம். கையைப் பிடித்தால் என் விரல்கள் சுற்றிவந்து ஒன்றையொன்று தொட்டன. அப்பா கொடியில் துணி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் கொல்லைப்பக்கம் போனார், இருட்டும்வரை வரவில்லை. அன்றிலிருந்து அவர் சிக்கனம் என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்கவில்லை.

வந்த புதிதில் அக்கா தட்டில் பாதியை எடுத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். யாருக்கு என்று கேட்டால் சிரிப்பாள். ஒரு நாள் டீ போட்டுக்கொண்டிருந்தவள் சர்க்கரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, என்னிடம் வந்து நின்றாள். "ஒரு ஸ்பூன் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள். அத்தான், அவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள். எனக்குப் பல் விளக்கிவிட்டவள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. நான் கடையில் நிற்கிற மாதிரியே நின்றேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டு, டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.

அன்றைக்குத்தான், பேசாமல் நின்று எதிரே நிற்பவரைத் தானாகக் குறைத்துக்கொள்ள வைப்பது எல்லோரிடமும் செய்யக்கூடிய காரியமில்லை என்று தெரிந்தது. ஓடிப்போய் டப்பாவைத் திறந்து, "எல்லாத்தையும் போட்டுக்கோ அக்கா" என்று கத்தினேன். என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கிறது. டிரைவர் மாமா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, யாரது புதுக்குரல் என்று கேட்டார்.

உங்கள் கடிதம் வந்ததும் அப்பா அதைப் படித்துவிட்டு, அனுப்பித்தானே ஆகவேண்டும் என்றார். நான் சொன்னேன், "அவளைக் கேளுங்கப்பா." என்னைவிட அப்பாதான் அதிகம் ஆச்சரியப்பட்டார். கேட்டார். அக்கா, "நான் இங்க இருந்தா வீட்டுச் செலவு எவ்வளவு கூடுது?" என்று கேட்டாள்.

அம்மா எழுந்து போய் உலை வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

அக்கா திரும்ப வருவாளா, எப்போது வருவாள் என்று என்னால் எழுத முடியாது. அவளுக்கும் தெரியுமா என்று தெரியவில்லை. நீங்கள் எழுதுவதானால் அவளுக்கே எழுதுங்கள். உறையிலோ அட்டையிலோ, உங்கள் விருப்பம். இங்கே யாரும் பிரிக்க மாட்டார்கள்.

லாரி நேற்றுக் காலை கிளம்பியது. முன்பக்கம் இடம் இருந்தது. டிரைவர் மாமா இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு, இறங்கிவந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிடுகிறவளை எழுப்பக் கூடாது என்று அவரும் போய்விட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
அவள் தங்கை